கடன் வாங்கிக் கழித்தல்

"மிஸ், கடன் வாங்குறோமே, எப்ப திருப்பிக் குடுக்கணும்?"

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் பக்கத்தில் இருக்கும் ஐந்திடம் ஒன்று கடன் வாங்கிக்கோ என்று, எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அதையே அவனுக்கும் சொன்னேன். அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். மற்ற பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை, அவர்களுக்கும் அது நியாயமான சந்தேகமாகத்தான் பட்டிருக்கிறது. அவனுடைய அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியவர்கள். தை முடிந்ததும் திருவள்ளூர் பக்கம் போனால் ஆடிக்குத்தான் வீடு திரும்புவார்கள், அதுவரை பையன் ஆயாவோடு இருப்பான். கடன் என்றால் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அவனுக்கு வீட்டில் தெரிந்த விஷயம். திருப்பிக் கொடுக்காமலேயே முடிந்துபோகும் கடனை அவன் எங்கே பார்த்திருப்பான்?

அன்றைக்கு அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி எடுத்து வைத்தேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரிக் குச்சி, இதுதான் 52. இதிலிருந்து எனக்கு 27 குச்சி எடுத்துக் கொடு என்றேன். இரண்டு கட்டை எடுத்தான், உதிரியில் ஏழு இல்லை என்று பார்த்தான், கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான், அப்புறம் அவனாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான். "கட்டைப் பிரிச்சா போதும் மிஸ், யார்கிட்டயும் வாங்க வேணாம்." அதுவரை அவன் அந்தக் கணக்குக்கு 35 என்றுதான் எழுதிக்கொண்டிருந்தான். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. நான்கு வருஷமாக, எந்தப் பக்கம் பெரிய எண் இருக்கிறதோ அதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறான், அவன் ஏன் அப்படிச் செய்கிறான் என்று பார்க்க அவன் பக்கத்தில் உட்கார யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

இந்தப் பதிவே அந்தப் பக்கத்தில் உட்காருவதைப் பற்றியும், அதற்காகத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைப் பற்றியும்தான்.

நான் பி.எஸ்சி. கணிதம், பி.எட். படித்துவிட்டு, கல்யாணமாகி செஞ்சிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்தவள். மல்லாட்டை (வேர்க்கடலை), நெல், கொஞ்சம் கரும்பு, மீதி நேரம் நூறு நாள் வேலை, இதுதான் ஊர். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. பத்தொன்பது மாதத்துக்கு மேல். இடையில் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் போட்டார்கள், அது நல்ல முயற்சி, எங்கள் வீட்டில் இருந்த டிவியில் நாலைந்து பிள்ளைகள் வந்து பார்த்ததும் உண்டு. ஆனால் டிவி பாடம் நடத்தும், பிள்ளை முழிப்பதைப் பார்த்து நிறுத்தாது. வீட்டில் இருந்த ஒரே போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்ட குடும்பங்களில் ஆன்லைன் வகுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, பள்ளிக்கூடத்துக்குள் ஒரு நாள்கூட உட்காராமல் இரண்டாம் வகுப்புக்கு வந்து நின்றது.

அந்தச் சமயத்தில்தான் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2021 அக்டோபர் 27-ல் எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். முதலில் 12 மாவட்டங்களில் சோதனையாக, பிறகு மாநிலம் முழுவதும். முதல் கட்டமாக 200 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பள்ளிக்கூட நேரம் முடிந்த பிறகு, சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம், வீட்டுக்குப் பக்கத்திலேயே வகுப்பு. ஒன்று முதல் ஐந்து வரை நடத்த பிளஸ் டூ முடித்திருந்தால் போதும், ஆறிலிருந்து எட்டு வரைக்கு டிகிரி வேண்டும். ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள் கணக்கு, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர் சேர்ந்தோம், முப்பது லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் வந்தார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலும் என்னைப் போலப் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள்தான்.

எங்கள் ஊரில் கலைக்குழு வந்து பறையடித்துப் பாட்டுப் பாடி, இந்த மாதிரி வகுப்பு நடக்கப்போகிறது என்று சொன்னார்கள். என் அத்தை (மாமியாரைச் சொல்கிறேன்) அதைப் பார்த்துவிட்டு, "இது அறிவொளி மாதிரிடீ" என்றார். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கொல்லையிலிருந்து வந்து களைப்போடு உட்கார்ந்து, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர் அவர். எங்கள் திண்ணையைச் சாணி போட்டு மெழுகி, நடத்து என்று சொன்னதும் அவர்தான்.

முதல் வாரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன், உயரமாக, மீசை அரும்புகிற பருவம். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடலைப் படி என்றேன். கடகடவென்று படித்தான். சந்தோஷமாக இருந்தது, ஆனால் அவன் விரல் வேறு வரியில் இருந்தது. பாட்டு மனப்பாடம், எழுத்து தெரியாது. பக்கத்தில் இருக்கிற படத்தைப் பார்த்து இது எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறான். எத்தனை கெட்டிக்காரத்தனம் வேண்டும் இப்படி ஏழு வருஷம் சமாளிக்க! அந்த மூளைக்கு எழுத்து ஏறாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். தனியாகக் கூப்பிட்டு, உனக்கு எந்த எழுத்திலிருந்து சந்தேகம் என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "கொம்பு, கால் எல்லாம் வந்தா குழம்பிடும் மிஸ்" என்றான். அதாவது க, ச, ட தெரியும். கெ, கே, கொ, கோ வந்தால் தெரியாது. இரண்டாம் வகுப்பில் நின்றுபோன இடம் அது. அதற்கு மேல் ஐந்து வருஷப் பாடம் அவன் தலைக்கு மேலேயே போயிருக்கிறது.

இதைப் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எல்லாரும் இருப்பாங்கல்ல" என்றான். டீச்சரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது, அவர் நல்லவர், பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். ஆனால் அவருக்குப் பாடத்திட்டம் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, ஏழாம் வகுப்பில் உட்கார்ந்து கொம்பு, கால் நடத்த முடியாது, நடத்தினால் மற்ற பிள்ளைகள் என்ன செய்யும்? பாடம் ஏழாம் வகுப்பில் நடக்கிறது, பிள்ளை இரண்டாம் வகுப்பில் நிற்கிறது, நடுவில் இருக்கிற தூரத்தை யார் கூட்டிக்கொண்டு நடப்பது என்பதுதான் பிரச்சினை. வசதி இருக்கிற வீட்டில் டியூஷன் வைப்பார்கள், எங்கள் ஊரில் மாதம் முந்நூறு ரூபாய். அம்மா படித்திருந்தால் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். இரண்டும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அரசாங்கம்தான் அந்த ஆளை அனுப்ப வேண்டும். ஆயிரம் ரூபாயை இருபது பிள்ளைக்குப் பங்கிட்டால் ஒரு பிள்ளைக்கு மாதம் ஐம்பது ரூபாய். அந்தப் பையன் நாலு மாதத்தில் பேருந்து பலகையை எழுத்துக்கூட்டாமல் படித்தான், எட்டாம் வகுப்பு போனபோது வாட்ஸ்அப்பில் எனக்குத் தமிழில் பொங்கல் வாழ்த்து அனுப்பினான். நான் அதை இன்னும் அழிக்கவில்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். என் வீடு ஊர்த் தெருவில் இருக்கிறது. முதல் பத்து நாள் காலனிப் பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை. பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. காலனிக்குப் போய் வீடு வீடாகக் கேட்டேன். ஒரு அம்மா என் முகத்தைப் பார்க்காமலேயே, "அங்க வந்து திண்ணையில உக்காந்தா நாளைக்கு யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்கம்மா, எதுக்கு" என்றார். அதே நேரத்தில் எங்கள் தெருவில் ஒருவர், எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்கப் போறியா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போயிருந்தார். இல்லம் தேடிக் கல்வி என்று பெயர் வைத்துவிடலாம், எந்த இல்லம் என்று ஊர் கேட்கும். எச்.எம்.மிடம் பேசினேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் பள்ளிக்கூட வராண்டாவைத் திறந்துவிட்டார், பள்ளிக்கூடம் இரண்டு பகுதிக்கும் நடுவில் இருக்கிறது, அது எல்லாருடைய இடம், அங்கே யாரும் கேள்வி கேட்க முடியாது. இன்னொரு நல்லது, காலனியிலிருந்து பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் தன்னார்வலராகச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு ஒன்று முதல் ஐந்து வரை அவள், ஆறிலிருந்து எட்டு வரை நான். ஊர்த் தெருப் பிள்ளைகள் அவளை அக்கா, அக்கா என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். அந்த வராண்டாவில் நடந்த எல்லாப் பாடத்தையும்விட அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மழைக்காலத்தில் வராண்டாவில் சாரல் அடிக்கும். கரண்ட் போகும். ஒரு பெண் தன் ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வருவாள், அம்மா மாடு கறக்கப் போயிருப்பார். குழந்தைக்குப் புளியங்கொட்டை வைத்து விளையாட்டுக் காட்டினால் வாயில் போட்டுக்கொள்ளும் என்று பயம், அதனால் ஒரு சொம்பும் கரண்டியும் கொண்டுவந்து கொடுத்தேன், அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும், நாங்கள் பின்னம் போடுவோம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது என்று ஒரு விதி இருந்திருந்தால் அவள் வந்திருக்க மாட்டாள். அந்தப் பெண் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினாள். ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை வருஷம் 12,000 ரூபாய், நாலு வருஷத்துக்கு 48,000. அவளுக்குப் பதினேழு வயதில் மாப்பிள்ளை பார்க்கலாம் என்று பேச்சு வந்தபோது, படிப்பில் பணம் வருகிற பெண் என்பதால் பேச்சு நின்றது என்று அவளே சொன்னாள். இந்தத் தேர்வு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, எட்டாம் வகுப்பில் பிள்ளை இருந்தால் தயவுசெய்து பெயர் கொடுக்க வையுங்கள், பல வீடுகளில் இது தெரியவே தெரியாது.

சரி, இதெல்லாம் ஒரு ஊரின் கதைதானே என்று கேட்கலாம். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூன்று பேர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைக் கொரோனாவுக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் பெரிய அளவில் பின்தங்கியிருந்தார்கள், தமிழில் இழந்ததைப்போல இரண்டு மடங்கு கணக்கில் இழந்திருந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அப்படி மீண்டதில் 24 சதவீதம், கிட்டத்தட்ட கால் பங்கு, இல்லம் தேடிக் கல்வியால் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் வந்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஈர்க்குச்சிக் கட்டுதான் ஞாபகம் வந்தது. எங்களைப் போன்ற இரண்டு லட்சம் வராண்டாக்கள், திண்ணைகள், கோயில் மண்டபங்கள் சேர்ந்த கால் பங்கு அது.

எதிர்ப்பும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் புதிய கல்விக் கொள்கையில் தன்னார்வலர் என்ற சொல் வருகிறது, இது அதன் பின்வாசல் என்று ஆளுங்கூட்டணிக் கட்சிகளிலிருந்தே கேட்டார்கள். நிரந்தர ஆசிரியர் போடாமல் ஆயிரம் ரூபாய்க்கு ஆள் பிடிக்கிறார்களா என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருந்தவள் நான், எனக்குத் தெரியாதா? ஆசிரியர் இடத்தில் தன்னார்வலரை வைத்தால் நானே எதிர்ப்பேன். ஆனால் நாங்கள் செய்தது ஆசிரியர் வேலை இல்லை. ஆசிரியர் நடத்திவிட்டுப் போன பிறகு வீட்டில் ஒரு அக்கா செய்வாளே, அந்த வேலை. அதற்கு ஆயிரம் ரூபாய் போதுமா என்றால் போதாது. மாதம் இருபது நாளுக்கு மேல், ஒன்றரை மணி நேரம், அதற்கு முன் தயாரிப்பு, சாக்பீஸ் செலவு, சமையல் தள்ளிப்போனதற்கு வீட்டில் வாங்கும் பேச்சு. பெண்கள்தானே, வீட்டில் சும்மா இருக்கிறவர்கள்தானே என்ற எண்ணத்தில்தான் அந்தத் தொகை நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஆறு மாதத்துக்கு என்றுதான் தொடங்கினார்கள், அப்புறம் நீட்டித்தார்கள், பிறகு படிப்படியாக மையங்கள் குறைந்தன. என் மையமும் நின்றுவிட்டது. கொரோனாவுக்காக வந்தது, கொரோனா போய்விட்டது என்று சொல்கிறார்கள். எனக்கு இதில்தான் உடன்பாடு இல்லை. கொம்பும் காலும் தெரியாத அந்தப் பையன் இரண்டாம் வகுப்பில் நின்றது 2016-ல். அப்போது ஏது கொரோனா? கழித்தலைத் தலைகீழாகப் போட்ட பையனும் நோயால் அப்படிப் போடவில்லை. கொரோனா அந்தப் பள்ளத்தை ஊருக்குக் காட்டியது, ஆழமாக்கியது, ஆனால் பள்ளம் ஏற்கெனவே இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குள்ளே நல்ல மாற்றம் வந்திருப்பதை நான் மறுக்கவில்லை. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்களோ அந்த நிலையிலேயே படிக்க வைக்கிறார்கள். வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்திருக்கிறார்கள், அந்தச் சொற்களே எத்தனை அழகு! ஆறாம் வகுப்புப் பையன் கையில் ‘நுழை’ புத்தகத்தைக் கொடுத்தால் அவனுக்குக் கூச்சம் வருவதில்லை, கதை நன்றாக இருப்பதால். காலைச் சாப்பாடும் வந்துவிட்டது, பசியோடு உட்கார்ந்த பிள்ளைக்குக் கணக்கு ஏறாது என்பது எல்லாருக்கும் தெரியும். இவையெல்லாம் பகலில் நடக்கிறது. எனக்குக் கவலை சாயங்காலத்தைப் பற்றி. ஐந்து மணிக்குப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, வீட்டுப்பாடத்தில் ஒரு வரி புரியாமல், கேட்க ஆளில்லாமல், சரி நாளைக்கு அடி வாங்கிக்கலாம் என்று முடிவு செய்துவிட்டு விளையாடப் போகிற பிள்ளையைப் பற்றி.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் வாசலில் மல்லாட்டை காய வைத்திருந்ததை அள்ளிக்கொண்டிருந்தேன். மூன்று பிள்ளைகள் வந்து நின்றார்கள், என் வகுப்பில் படித்தவர்களின் தம்பி தங்கைகள். அதில் ஒன்று, சொம்பும் கரண்டியும் தட்டிக்கொண்டிருந்ததே, அந்தக் குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். "அக்கா சொல்லுச்சு, இங்க குச்சி வெச்சி கணக்கு சொல்லித்தருவீங்களாமே" என்றான். ஈர்க்குச்சிக் கட்டுகள் இன்னும் பரணில் ஒரு டப்பாவில்தான் இருக்கின்றன. எடுத்துக் கொடுத்தேன், ரப்பர் பேண்ட் எல்லாம் இற்றுப்போய் அறுந்துவிட்டது, நூல் போட்டு மூவரும் உட்கார்ந்து திரும்பக் கட்டினார்கள். மறுநாள் ஏழு பேர் வந்தார்கள். அதில் காலனிப் பிள்ளை ஒன்றும் இல்லை. திண்ணை மறுபடி திண்ணையாகிவிட்டது.

அதனால் இந்த வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிறேன். முன்பு சின்ன வகுப்பு நடத்திய அந்தப் பெண்ணுக்கு இப்போது டிகிரி முடிந்துவிட்டது, அவளும் வருகிறேன் என்றிருக்கிறாள். பழைய எச்.எம். மாறுதலாகிப் போய்விட்டார், புதியவரை எனக்கு இன்னும் பழக்கமில்லை. ஊக்கத்தொகை பற்றி இப்போதைக்குக் கேட்கப்போவதில்லை, அதற்கு மேலே மனு எழுத வேண்டும், எழுதுவோம். கூட்டத்தில் கேட்கப்போவது மூன்றுதான்: சாயங்காலம் ஏழு மணி வரை வராண்டா, அங்கே இரண்டு பல்பு, கேட் சாவி.